வேலைக்கும் ஓடக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார்: போர்ஷவா, கோர்வெற்றா?



போன கிழமை பொட்காஸ்ற்றில் கார்களுக்குள் இருக்கிற சொஃப்ற்வெயர் பற்றிக் கதைக்கத் தொடங்கி, ஸ்போர்ட்ஸ் கார் பக்கம் கதை திரும்பி, நேரம் போதாமல் பாதியில் விட்டுவிட்டோம். "மிச்சத்தை எழுதுங்கோ" என்று கனபேர் கேட்டிருந்தீர்கள். அதுதான் இந்த மடல். ஆனால் உண்மையைச் சொன்னால், இதை நான் முதலில் எழுதத் தொடங்கியது உங்களுக்காக இல்லை, என் மனைவியின் தம்பிக்காக.

அவனுக்கு 41 வயது. மார்க்கத்தில் வீடு, மிசிசாகாவில் வேலை, கிழமையில் மூன்று நாள் ஒஃபிஸ். பத்து வருடத்துக்கு மேலாக ஒரே செடானை ஓடி, சீட்டுக் காசும் போனஸும் சேர்த்து ஒரு தொகை வைத்திருக்கிறான். போன புரட்டாதியில் ஒருநாள் இரவு போன் எடுத்தான்.

"அத்தான், முடிவெடுத்திட்டன். ஒண்டில் 911, இல்லாட்டி கோர்வெற். ரெண்டாவது கார் இல்லை, இதுதான் ஒரே கார். எது வேகம் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

எது வேகம் என்று சொல்வது லேசு. கடதாசியில் கோர்வெற் வெல்லும். 2020 மொடலாக வந்த சீ8 ஸ்ரிங்றே, ஓட்டுநருக்குப் பின்னால் எஞ்சினை வைத்த முதல் கோர்வெற் தலைமுறை. 6.2 லீற்றர் வீ8, 490 குதிரை வலு. இசட்51 என்ற பொதியோடு எடுத்தால் மணிக்கு 60 மைல் வேகத்தை மூன்று செக்கனுக்குள் தொடும். அதே காலத்து 992 தலைமுறை 911 கரேரா 3 லீற்றர், இரண்டு ரேர்போ, 385 குதிரை வலு. 100 கிலோமீற்றரைத் தொட 4.2 செக்கன். விலையோ தலைகீழ். வந்த புதிதில் அமெரிக்காவில் கோர்வெற் 60,000 டொலருக்குக் கொஞ்சம் குறைவாகத் தொடங்கியது, 911 கரேரா 97,000க்கு மேல்.

"அப்ப கோர்வெற் தானே?" என்றான்.

"நீ கேட்ட கேள்வி பிழையடா" என்றேன். அன்றைக்குப் போனில் சொன்னதையும், பிறகு இரண்டு மாதமாக அவனோடு சண்டை பிடித்ததையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

இரண்டாவது கியர்க் கணக்கு

ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் விளம்பரத்தில் வரும் இலக்கங்கள் எல்லாம் அந்தக் காரின் உச்சத்தில் அளந்தவை. நூர்பேர்க்றிங் சுற்று நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்: ஜேர்மனியில் ஏறத்தாழ 21 கிலோமீற்றர் நீளமான ஓட்டப் பாதை, சூடேறிய ரயர், எதிரே வாகனம் இல்லை, ஓடுபவர் தொழில்முறை ஓட்டுநர். நாம் ஓடுவது 401. காலை எட்டு மணிக்கு அதில் இருபதில் ஊர்ந்துகொண்டு நிற்போம். ஆகவே உச்சம் எவ்வளவு என்பதைவிட, நாம் ஓடும் வேகத்தில் அந்தக் காரில் எவ்வளவு எங்களுக்குக் கிடைக்கிறது என்பதுதான் கணக்கு.

இதற்கு நல்ல உதாரணம் போர்ஷவின் 718 கேமன் ஜீரீ4. 4 லீற்றர், ரேர்போ இல்லாத எஞ்சின், ஆறு கியர் மனுவல். கார் தெரிந்தவர்கள் கையெடுத்துக் கும்பிடும் கார். ஆனால் அதன் கியர்கள் நீளமானவை. இரண்டாவது கியரில் எஞ்சினை உச்சச் சுற்றுக்குக் கொண்டுபோனால் வேகம் மணிக்கு 130ஐத் தாண்டிவிடும். இரண்டாவது கியரில்!

இனி ஒன்ராறியோச் சட்டத்தைப் பக்கத்தில் வையுங்கள். வேக எல்லை 80க்குக் குறைந்த தெருவில் எல்லையைவிட 40 கூட ஓடினாலும், 80 அல்லது அதற்கு மேற்பட்ட தெருவில் 50 கூட ஓடினாலும் அது 'ஸ்ரண்ட் டிறைவிங்'. 2021இல் சட்டத்தை இறுக்கிய பிறகு, பிடிபட்ட இடத்திலேயே 30 நாளுக்கு லைசென்ஸ் போகும், கார் 14 நாள் பறிமுதல். வழக்கில் குற்றவாளி என்றால் தண்டம் குறைந்தது 2,000 டொலர். அதற்குப் பிறகு இன்சூரன்ஸ்காரர் என்ன செய்வார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

80 எல்லை உள்ள ஒரு கிராமத்து றோட்டில் ஜீரீ4இன் இரண்டாவது கியரை ஒருதரம் முழுதாக அனுபவித்தால், நீங்கள் பஸ்ஸில்தான் வீடு திரும்பவேணும். மூன்றாவது, நாலாவது கியரின் மேல்பாதியை நீங்கள் வாழ்நாளில் கேட்கமாட்டீர்கள். காசு கொடுத்து வாங்கியது அந்தச் சத்தத்துக்குத்தானே!

911 ஜீரீ3க்கும் ஏறத்தாழ இதே பிரச்சினை. 9,000 சுற்று வரை போகும் எஞ்சின், முழு வலுவும் 8,400இல்தான் வருகிறது. சாதாரண கரேராவின் ரேர்போ எஞ்சினைக் "குரல் இல்லை" என்று பலர் பழிப்பார்கள். ஆனால் அதன் முழு இழுவிசையும் 1,950 சுற்றிலேயே வந்துவிடுகிறது. கோர்வெற்றின் வீ8க்கும் ரேர்போ இல்லாவிட்டாலும், 6.2 லீற்றர் கொள்ளளவே கீழ்ச் சுற்றில் காரை இழுத்துக்கொண்டு போகும். தெருவுக்கு இந்த இரண்டும்தான் சரி. மச்சான் முதல் நாளே சரியான இரண்டைத் தெரிந்திருந்தான், காரணம்தான் வேறு.

7 பாகை

இப்போது நான் எழுத விரும்பாத பகுதி.

2018 கார்த்திகை, ஒரு சனிக்கிழமை காலை. என்னிடம் அப்போது பின் சில்லுகளை ஓட்டும் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. பெயர் வேண்டாம், பிழை காரில் இல்லை. மகளுக்கு ஒன்பது வயது, நீச்சல் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். ஸ்னோ இல்லை, மழை இல்லை, றோட்டு நன்றாகக் காய்ந்திருந்தது. டாஷ்போர்ட்டில் 2 பாகை என்று காட்டியது. வின்ரர் ரயர் மாற்ற அடுத்த புதன்கிழமைக்கு நேரம் எடுத்திருந்தேன்.

ஹைவேக்கு ஏறும் வளைந்த றாம்ப். ஒவ்வொரு நாளும் ஏறுவதுதான். வழமையான வேகம்தான். வளைவு முடிகிற இடத்தில், எப்போதும்போல அக்சிலேற்றரை அமத்தினேன். காரின் பின்பக்கம் சத்தமே இல்லாமல் வெளியே போனது. சறுக்கினால் கீச்சென்று சத்தம் வரும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்ரியரிங்கைத் திருப்பினேன், திருப்பியது போதவில்லை. புல்லுக்குள் இறங்கி, வந்த பக்கத்தைப் பார்த்தபடி கார் நின்றது. பின்னால் வந்த ட்றக் ஹோர்னை அமத்திக்கொண்டே பக்கத்தால் போனது.

"அப்பா, முடிஞ்சுதா?" என்று மகள் கேட்டாள்.

அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. காருக்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. வீட்டில் மூன்று நாளைக்கு யாரும் என்னோடு கதைக்கவில்லை. நான் காரை விற்றுவிட்டேன். ஆனால் ஏன் நடந்தது என்று தெரிந்துகொள்ளாமல் விட என்னால் முடியவில்லை.

றப்பர் தெருவைப் பிடிப்பது அது மெத்தென்று இருப்பதால். தெருவின் மேற்பரப்பு எங்கள் கண்ணுக்கு மட்டமாகத் தெரிந்தாலும் கிட்டப் பார்த்தால் கல்லும் குழியும். றப்பர் அந்தக் குழிகளுக்குள் அமிழ்ந்து, வளைந்து, திரும்பி வரும்போதுதான் பிடி கிடைக்கிறது. குளிரக் குளிர றப்பர் இறுகும். சமர் ரயரின் றப்பர்க் கலவை வெப்பத்தில் வேலை செய்ய ஆக்கப்பட்டது. கோடையில் 30 பாகையில் அது கூழாகாமல் நிற்கவேணும். அதற்குக் கொடுக்கும் விலை, ஏறத்தாழ 7 பாகைக்குக் கீழே அது இறுகத் தொடங்குவது. வின்ரர் ரயரின் கலவை வேறு. அது குளிரிலும் மெத்தென்று இருக்கும். ஸ்னோவுக்காக மட்டும் வின்ரர் ரயர் என்று நினைப்பதுதான் எங்கள் ஆட்களில் கனபேர் விடும் பிழை. நானும் அதில் ஒருவன்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு வளைவில் கார் எவ்வளவு வேகத்தில் நிற்கும் என்பது பிடிமானத்தின் வர்க்கமூலத்தோடு போகும். பிடி மூன்றில் ஒரு பங்கு குறைந்தால், மணிக்கு 60இல் சுகமாக எடுத்த அதே வளைவு 49இல்தான் பிடிக்கும். பிறேக் பிடித்து நிற்கும் தூரம் ஒன்றரை மடங்காகும். வித்தியாசம் இவ்வளவு இருந்தும், கண்ணுக்குத் தெரியும் அடையாளம் ஒன்றுமே இல்லை. ஈரமில்லை, வெள்ளையில்லை, வழமையான கறுப்புத் தெரு.

"ஸ்ரெபிலிற்றி கொன்ற்றோல் இருந்தது தானே?" என்று மச்சான் கேட்டான். இருந்தது, வேலையும் செய்துகொண்டிருந்தது. சொஃப்ற்வெயர் எழுதுகிற எங்களுக்கு இது நன்றாக விளங்கவேணும்: அது ஒவ்வொரு சில்லாகப் பிறேக் பிடிக்கும், எஞ்சினின் வலுவைக் குறைக்கும். ஆனால் அதற்கு இருக்கிற ஒரே கருவி அந்த நாலு ரயரின் பிடிதான். இல்லாத பிடியை எந்தக் கோடும் உண்டாக்காது.

இதை வைத்துக் கோர்வெற்றைத் திரும்பப் பாருங்கள். இசட்51 பொதி எடுத்தால் மிஷலின் பைலற் ஸ்போர்ட் 4எஸ் என்ற சமர் ரயர் வரும். பொதி இல்லாத மலிவான ஸ்ரிங்றேயில் வருவது ஓல் சீசன் ரயர். மூன்று செக்கனுக்குள் 60 மைல் தொடுகிற பெருமை இசட்51க்கு. ஐப்பசி கடைசியில் காலை 5 பாகையில் றாம்ப் ஏறுகிறவனுக்கு மலிவான காரே மேல். மச்சான் இசட்51 இல்லாமல் எடுக்கமாட்டேன் என்று நின்றான். "பிள்ளையையும் ஏத்திக்கொண்டு போற கார்" என்று சொன்னேன். கொஞ்ச நேரம் போனில் சத்தமில்லை.

ஜீரீ3 மாதிரிக் கார்களோடு வரும் ட்றாக் ரயர்களைப் பற்றி நான் எழுதப்போவதே இல்லை. கனடாவில் அவை ஆறு மாதம் கராஜில் இருக்கவேண்டியவை.

கியூபெக்கில் மார்கழி 1 முதல் பங்குனி 15 வரை வின்ரர் ரயர் சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் 2016இல் இருந்து இன்சூரன்ஸ் கம்பனிகள் வின்ரர் ரயர் போட்டால் கழிவு தரவேணும் என்று விதி இருக்கிறது. கேட்டு வாங்குங்கள், கேட்காவிட்டால் சிலர் சொல்லமாட்டார்கள்.

ரயரின் பக்கத்தில் எழுதியிருப்பதை வாசிப்பது

பங்குனி, சித்திரையில் எங்கள் றோட்டுகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கி, உறைந்து, விரிந்து, உருகி, ஒவ்வொரு வருடமும் புதுக் கிடங்குகள். ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இதில் எவ்வளவு அடிபடும் என்று கடையிலேயே கண்டுபிடிக்கலாம். ரயரின் பக்கத்தில் 305/30 மாதிரி ஒன்று எழுதியிருக்கும். முதல் இலக்கம் அகலம், மில்லிமீற்றரில். இரண்டாவது, ரயர்ச் சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை வீதம் என்பது. பெருக்கிப் பாருங்கள்.

கோர்வெற் ஸ்ரிங்றேயின் முன் ரயர் 245/35, சுவர் 86 மில்லிமீற்றர். 911 கரேராவின் முன் ரயர் 235/40, சுவர் 94. சாதாரண குடும்பக் காரில் கனகாலமாக இருந்த 205/55 என்றால் 113. அந்தச் சுவர்தான் கிடங்குக்கும் அலோய் வளையத்துக்கும் நடுவில் இருக்கிற மெத்தை. கரேராவுக்குப் பெரிய சில்லு ஒப்ஷனாகக் கிடைக்கும், படத்தில் வடிவாகவும் இருக்கும், ஆனால் மெத்தை மெலியும். "சின்னச் சில்லு இருக்கிறதா" என்று கேட்டால் விற்கிறவர் உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார். பார்க்கட்டும்.

அகலத்துக்கும் ஒரு விலை உண்டு. மழைத் தண்ணீரை ரயர் பக்கத்துக்குத் தள்ளவேணும். அகலம் கூடக் கூடத் தள்ளவேண்டிய தண்ணீர் கூடும், காரோ பாரம் குறைந்தது. அதனால்தான் 992இல் முன் சில்லு வளைவுகளுக்குள் ஒலி சென்சர் வைத்திருக்கிறார்கள். தெறிக்கும் தண்ணீரின் சத்தத்தைக் கேட்டு, "தெரு ஈரம், வெற் மோட்டுக்கு மாத்து" என்று கார் ஓட்டுபவருக்குச் சொல்லும். எனக்கு அந்தக் காரில் ஆகப் பிடித்த விடயம் இதுதான். ஆனால் கவனியுங்கள், அது கேட்பது தண்ணீரை. காய்ந்த தெருவின் குளிரை அது கேட்காது.

கோர்வெற்றிலும் ஒரு நல்ல வேலை இருக்கிறது. முன்மூக்கு தரையில் உரசாமல் 40 மில்லிமீற்றர் உயர்த்தும் ஒப்ஷன். உயர்த்திய இடத்தை ஜீபிஎஸ்ஸில் நினைவு வைத்து அடுத்த முறை தானாக உயர்த்தும். ஆயிரம் இடங்கள் வரை நினைவில் நிற்கும். ஸ்காபரோவில் உள்ள பிளாசா வாசல்களுக்கும் கல்யாண மண்டபங்களின் மேடுகளுக்கும் ஆயிரம் காணுமா என்பது வேறு கேள்வி. 911க்கும் முன்மூக்கை உயர்த்தும் ஒப்ஷன் உண்டு. எதை எடுத்தாலும் இந்த ஒன்றுக்குக் காசு கொடுங்கள், குதிரை வலுவுக்குக் கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை.

பின் சீற்

இதில் வாதாட இடமில்லை. கோர்வெற்றில் இரண்டு சீற். 911இல் நாலு, பின்னால் உள்ள இரண்டும் வளர்ந்தவர்களுக்குத் தண்டனை என்றாலும், மச்சானின் எட்டு வயது மகனுக்குக் காணும். சாமான் வைக்கக் கோர்வெற் நல்லது. எஞ்சினுக்குப் பின்னால் உள்ள டிக்கிக்குள் கழற்றிய கூரையையோ இரண்டு கோல்ஃப் பையையோ வைக்கலாம், முன்னாலும் ஒரு பெட்டி இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடம் முடிந்து பிள்ளையும் அவனுடைய சிநேகிதனும் நின்றால், ஒருவனை டிக்கியில் ஏற்ற ஏலாது.

பார்வையும் இதோடு சேர்ந்தது. எஞ்சின் நடுவில் இருக்கும் காரில் பின்பக்கமும் தோள் பக்கமும் மறையும். லேன் மாறும்போது கழுத்தைத் திருப்பிப் பார்த்தால் தெரிவது காரின் சதைதான். இது தவிர்க்க முடியாத விதி இல்லை. 1990இல் ஹொண்டா என்எஸ்எக்ஸ் வந்தபோது, எஃப்-16 போர்விமானத்தின் ஓட்டுநர் அறையைப் பார்த்து அதன் கண்ணாடிகளை அமைத்தார்கள். நடுவில் எஞ்சின் இருந்தும் சுற்றிவரத் தெரியும், கடைக்கும் ஓடலாம். மக்லாரன் எஃப்1 காரை வடிவமைத்த கோர்டன் மறே அந்த ஹொண்டாவைத்தான் தன் அளவுகோலாக வைத்திருந்தார். 300 குதிரை வலுகூட இல்லாத ஒரு காரை!

ஐப்பசி கடைசியில் இரண்டு காரையும் ஓடிப் பார்க்கப் போனோம். விற்கிறவர் காட்டும் பாதையில் ஓடவேண்டாம் என்று முன்பே சொல்லிவைத்திருந்தேன். அது எப்போதும் புதுத் தார் போட்ட றோட்டாக இருக்கும். காலை ஏழரைக்கு, குளிருக்குள், கிங்ஸ்ரன் றோட்டின் கிடங்குகளில் 30இல் ஓடினோம். பிறகு 401இல் நெரிசலுக்குள் ஊர்ந்தோம். பிறகு ஒரு பிளாசாவில் பின்பக்கமாக நிறுத்தினோம். முழு அக்சிலேற்றர் இரண்டே தரம்தான், இரண்டும் நாலு செக்கனுக்குள் முடிந்தன. கோர்வெற்றில் அவன் முகம் மலர்ந்ததை நான் மறைக்கப்போவதில்லை. அந்த வீ8 பின்னால் நின்று கத்தும்போது எனக்கும் ஒருமாதிரித்தான் இருந்தது. ஆனால் பிளாசாவில் நிறுத்த மூன்று தரம் முயன்றான். 911இல் ஒருதரம்.

அவன் கேட்காத ஒன்றையும் சொன்னேன். நான் என்றால் ரொயோற்றா ஜீஆர்86 எடுத்திருப்பேன். 228 குதிரை வலு, ஏறத்தாழ 1,280 கிலோ. 2012இல் வந்த அதன் முதல் தலைமுறைக்கு, பிரியஸ் காரிலும் போட்ட மிஷலின் ரயரையே வேண்டுமென்று போட்டார்கள். பிடி குறைந்தால் காரின் எல்லையும் குறைந்த வேகத்தில் வரும், தெரு வேகத்திலேயே விளையாடலாம் என்பது அவர்கள் கணக்கு. "அத்தான், நான் 41 வயசில ரொயோற்றா வாங்கவோ காசு சேர்த்தனான்?" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. காசு அவனுடையது.

கடைசியில் ஓடிய 2020 கரேரா ஒன்றை எடுத்தான். சின்னச் சில்லு. வாங்கிய அன்றைக்கே ஒரு செற் வின்ரர் ரயருக்கும் காசு கட்டினான், கார்த்திகை முதலாம் கிழமை மாற்றினான். கூடச் செலவானதில் அவனுக்கு இன்னும் கொஞ்சம் மனவருத்தம் இருக்கிறது. கோர்வெற் ஒன்று பக்கத்தால் போனால் கதையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிறான்.

போன ஞாயிறு சாப்பாட்டுக்கு வந்தபோது பிள்ளைகளை ஒரு சுற்றுக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றான். என் மகளுக்கு இப்போது 16. ஜீ1 சோதனைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு தாழ்ந்த கார் எதிலும் அவள் ஏறியதில்லை. கதவைத் திறந்து, குனிந்து, முதலில் டாஷ்போர்ட்டில் வெப்பநிலையைப் பார்த்தாள். பிறகு காரைச் சுற்றி வந்து ரயரின் பக்கத்தை வாசித்தாள்.

"மாமா, மெதுவா" என்று சொல்லிவிட்டு முன் சீற்றில் ஏறினாள்.

உங்கள் காரின் ரயரிலும் அந்த இரண்டு இலக்கத்தையும் பார்த்து, சுவர் உயரத்தைக் கணக்குப் போட்டு இந்த மடலுக்குப் பதிலாக அனுப்புங்கள். 90 மில்லிமீற்றருக்குக் குறைந்த சுவரோடு பங்குனியில் ஓடுகிறவர்கள் எத்தனை வளையம் நெளித்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த பொட்காஸ்ற்றில் வாசிக்கிறோம்.